வடிகட்டியில் வெண்படிவு

13 டிசம்பர் 2022, செவ்வாய்க்கிழமை. கார்த்திகை 27.

மோட்டார் சைக்கிள் இன்று நடுவழியில் நின்றது. இவ்வாண்டில் இதுவே முதல் முறை.

ஒரு கோப்பு, அதை எழுதியவனுக்கு மட்டும் புரிந்தால் போதாது. புதிதாகக் கையில் எடுப்பவனுக்கும் விளங்க வேண்டும். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த காலத்தில் எழுத்தர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவர்களது பகையைச் சம்பாதித்தேன். ஆகவே விவரத்தை எழுதிவிடுகிறேன். என் மனைவி உலகம்மைக்குச் சென்ற ஆண்டு சித்திரையில் இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் முறை எங்களுடையது. பாளையங்கோட்டைக்கு வெளியே எங்கள் நகரின் சாலையைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருப்பதால் அந்த நேரத்தில் ஆட்டோக்கள் உள்ளே வருவதில்லை. "இன்னா வந்துட்டேன்" என்று தொலைபேசியில் சொல்லும் ஆட்டோக்காரர் எங்கே இருந்து அதைச் சொல்கிறார் என்பதும் தெரிவதில்லை. எனவே 2004-ஆம் ஆண்டு வாங்கிய என் வண்டியிலேயே அவளை அழைத்துச் செல்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. பார்வை நன்றாக இருக்கிறது.

வாய்க்கால் பாலத்தை நெருங்கும்போது வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. பலமுறை உதைத்தும் பயனில்லை. உலகம்மை இறங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். வயலில் ஒருவர் வாத்துக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வழியே சைக்கிளில் வந்த டீக்காரரிடம் கேட்டு அரைக் குவளை தேநீர் குடித்தாள். டாக்டர் அளவு விதித்திருக்கும் அவளது இன்றைய தண்ணீர்க் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டேன்.

"எத்தன நாளாச்சுங்க இப்படிச் சும்மா உக்காந்து" என்றாள்.

சற்று நேரம் விட்டு உதைத்தபோது வண்டி கிளம்பியது. தாமதமாகச் சென்றதால், அடுத்த நோயாளிக்கு இடம் விட வேண்டும் என்று கூறி, சிஸ்டர் ஃபிரெடா பாதி நேரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நான் ஆட்சேபம் தெரிவித்தேன். உலகம்மை தெரிவிக்கவில்லை.

14 டிசம்பர் 2022, புதன்கிழமை. கார்த்திகை 28.

மெக்கானிக் ஜெபராஜ் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பில்டர் அடைச்சிருக்கும் சார். விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் மாத்தித் தாரேன்."

"சாயங்காலம் என்றால் எத்தனை மணி?"

"சாயங்காலந்தான் சார்."

சாயங்காலம் என்பது ஒரு மணி அல்ல. ஆகவே எரிபொருள் வடிகட்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நானே மாற்றினேன். கட்டைவிரல் அளவில், உள்ளே மடித்த காகிதம் வைத்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு. பெட்ரோல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதற்கு அதன் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி உண்டு. அது இஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மாற்றிப் பொருத்துகிறவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், நம்ப முடிகிறது.

செய்முறை: முதலில் அடுப்பை அணைத்தேன். பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றினேன். ஒரு வாளி மணல் பக்கத்தில் வைத்தேன். டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் குழாயை மூடினேன். இடுக்கியால் இரு கிளிப்புகளையும் நகர்த்தி, ரப்பர் குழாயைத் திருகி உருவினேன். வழிந்த பெட்ரோலைப் பிடிக்க ஒரு கிண்ணம் எடுத்தேன்.

"அது சாம்பார்க் கிண்ணம்" என்றாள் உலகம்மை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொடக்கம் முதல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவிவிடலாம்."

"கழுவுங்க. சாம்பாரு மணந்தா உங்களுக்குத்தான்."

பழைய வடிகட்டிக்குள் செம்பழுப்பாகத் துருத் தூள் அடைந்திருந்தது. அவளிடம் காட்டினேன். ஹாலில் நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து வந்து, டேங்க் மூடிக்கும் அதுவே சாவி என்பதையும் விளக்கி, மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன்.

"இதுக்குள்ள என்ன விழுந்தாலும் அந்தச் சின்ன டப்பா பிடிச்சிக்கிடுமாக்கும்?"

"ஆமாம்."

"பிடிச்சுப் பிடிச்சு நிறைஞ்சிட்டா?"

"பெட்ரோல் இறங்காது. வண்டி நிற்கும்."

"வேற ஒண்ணும் கெடாதே?"

"கெடாது. அதற்காகத்தான் அது இருக்கிறது."

அவள் இவ்வளவு அக்கறையாக ஓர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. பாலத்தில் நின்றதற்கும் நேற்றுப் பாதி நேரத்தில் வீடு திரும்பியதற்கும் இவ்வளவு சின்னப் பொருள் காரணமா என்று புதிய வடிகட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

முதல் உதையிலேயே இஞ்சின் கிளம்பியது.

15 டிசம்பர் 2022, வியாழக்கிழமை. கார்த்திகை 29.

வண்டி சீராக ஓடியது. டயாலிசிஸ் முழு நேரமும் நடந்தது. இறுதியில் இரு கால்களிலும் சதை பிடித்து இழுத்தது. வீடு வந்து மாலை வரை படுத்திருந்தாள். "போதுங்க" என்றாள். களைப்பில் சொல்வது.

16 டிசம்பர் 2022, வெள்ளிக்கிழமை. மார்கழி 1.

மார்கழி பிறந்தது. வேலைக்கு வரும் மாடத்தி தினசரிக் காலண்டரில் நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டாள். கண்டித்தேன். "எப்படியும் நாளைக்கு வரத்தானெ செய்யும் ஐயா" என்கிறாள். கிழித்த தாளைப் பசையிட்டு ஒட்டினேன்.

இத்தெருவில் மார்கழிக் கோலம் என்றால் உலகம்மை கோலம்தான் என்று பேசிய காலம் உண்டு. இப்போது அவளால் குனிய முடியாது. இடக்கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்திருப்பதால் அந்தக் கையை ஊன்றவும் கூடாது. நாற்காலியில் இருந்தபடி மாடத்தியை ஏவினாள்.

"புள்ளிய நெருக்கி வையிட்டீ. ஊடு விட்டா கோணிக்கிட்டுப் போகும்."

"நெருக்கித்தாம்மா வைக்கேன். மாசம் பூராவும் இப்படி வச்சா மாவுக்கு எங்க போவ? ஒரு டப்பாதான் வாங்கியிருக்கு."

"மாவு கிடக்கு கொள்ள. நீ போடு."

கோலமாவு டப்பாவைத் தன் நாற்காலிக்குக் கீழேயே வைத்துக்கொண்டாள். குழந்தை மாதிரி.

17 டிசம்பர் 2022, சனிக்கிழமை. மார்கழி 2.

வண்டி அதே பாலத்தைக் கடந்ததும் நின்றது. புதிய வடிகட்டி போட்டு மூன்றே நாள். பிரதான சாலையில் ஆட்டோ பிடித்துச் சென்றோம். இம்முறையும் பாதி நேரமே இயந்திரம் கிடைத்தது. பிற்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வடிகட்டியைக் கழற்றினேன். இப்போது உள்ளே இருந்தது துரு அல்ல. வெள்ளை. பற்பசை போன்ற வெண்மையான படிவு.

18 டிசம்பர் 2022, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 3.

வடிகட்டியை ஜெபராஜிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பங்குல என்னமோ கலக்கான் சார். இல்லன்னா வீட்டுல பிள்ளைக விளையாட்டா டேங்க்ல எதையாவது போட்டிருக்கும்."

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை. மகள் செண்பகம் நாக்பூரில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் மட்டுமே. நான் குளிக்கும் நேரம் தவிர வண்டி எப்போதும் என் பார்வையிலேயே இருக்கிறது. ஆகவே அவரது இரண்டாவது ஊகத்தைத் தள்ளுபடி செய்து, முதல் ஊகத்தை விசாரிக்கப் பெட்ரோல் பங்குக்குச் சென்றேன்.

வாடிக்கையாளர் கேட்டால் வடிதாள் சோதனை செய்து காட்ட வேண்டும். கேட்டேன். மேலாளர் முகம் சுளித்தாலும் செய்தார். தாளில் ஒரு சொட்டு விட்டார்; ஆறி மறைந்தது; கறை இல்லை. அடர்த்தியையும் அளந்து காட்டினார்.

"நம்ம பெட்ரோல் சுத்தம் சார். உங்க டேங்க்ல பாருங்க."

பேச்சில் திருப்தி இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு புகார் மனு வரைந்தேன். டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்து, உள்ளே அலசி, மூன்றாவது வடிகட்டியைப் பொருத்தினேன். உலகம்மை மனுவை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். "பாவம், பங்குக்காரன்" என்றாள்.

20 டிசம்பர் 2022, செவ்வாய்க்கிழமை. மார்கழி 5.

வண்டி ஓடியது. டயாலிசிஸ் முடியும் தறுவாயில் டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். உலகம்மையின் இதயம் முன்பைவிடத் தளர்ந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்றார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை என்பது முன்பே தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, இத எவ்வளவு நாள் தொடரலாம்னு நீங்க நினைக்கீங்க? வேண்டாம்னு முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு. அப்படி எடுத்தா நான் வீட்டுக்கே வந்து பாப்பேன். மூச்சுத் திணறாம, வலி இல்லாம பாத்துக்க மருந்து இருக்கு. கொஞ்ச நாளுதான் இருப்பீங்க. அதையும் மறைக்கல."

"தொடர்கிறோம் டாக்டர்" என்றேன்.

"அம்மாவ கேட்டேன் சார்."

"அவளும் அதையேதான் சொல்வாள்."

டாக்டர் தன் சொந்தத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையின் நடுவே, இருவருக்கும் பொதுவாக வைத்தார். நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பின்னால் அமர்ந்திருந்தவள் என் தோளில் கை வைத்தாள்.

"வாரத்துக்கு மூணு வாய்தா. ஒண்ணரை வருசமா இழுத்தடிக்கீய. தீர்ப்ப சொல்லிருங்களேன்."

"நான் சிரஸ்தார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை."

"ஆமா. உங்க கோர்ட்டுல வாயால சொன்னா எடுபடாது. எழுத்துல குடுக்கணும்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றே நினைக்கிறேன். கண்ணாடியில் முகம் தெரியவில்லை.

22 டிசம்பர் 2022, வியாழக்கிழமை. மார்கழி 7.

வண்டி இன்று வாசலைவிட்டே நகரவில்லை. நான் குளித்துவிட்டு வந்து உதைத்தேன். இரண்டு முறை உறுமி அடங்கிவிட்டது. ஆட்டோக்காரர் எவரும் வர ஒப்பவில்லை. எதிர்வீட்டுக் கார் ஊரில் இல்லை. எட்டு மணிக்கு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தேன். இன்று இனி இடமில்லை, நாளை காலை வாருங்கள் என்றார்கள்.

மூன்றாவது வடிகட்டியிலும் அதே வெண்படிவு. கழற்றி வைத்தேன்.

உலகம்மை வெயிலில் உட்கார்ந்து தலை உலர்த்தினாள். பகல் முழுவதும் படுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லி மாடத்தியும் அவளும் வயிறு குலுங்கச் சிரித்தது உள்ளே எனக்குக் கேட்டது. மாலையில், "ஒரு செம்பு தண்ணி தாங்க, அண்ணாந்து குடிக்கணும் போல இருக்கு" என்றாள். மருந்துக் குவளையில் அளந்து ஐம்பது மில்லி கொடுத்தேன். குவளையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"சாமிக்கு இதவிடக் கூடுதலா அபிசேகம் பண்ணுவாவளே" என்றாள்.

23 டிசம்பர் 2022, வெள்ளிக்கிழமை. மார்கழி 8.

விடியற்காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர். ஆம்புலன்ஸ் வந்தது. சிஸ்டர் ஃபிரெடா என்னைக் கடிந்துகொண்டார்: "ஒரு நாள் தவறினா இப்படித்தான் ஐயா ஆகும். உங்க வண்டிய நம்பி உசிர வைக்காதீங்க." அவசர டயாலிசிஸில் உயிர் பிழைத்தாள்; சனிக்கிழமை முறைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

செண்பகம் தொலைபேசியில் அழுதாள். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். "நீ வேண்டாம்னு மட்டும் சொல்லிராதம்மா, எனக்காக" என்று அவள் சொன்னது எனக்கே வெளியில் கேட்டது. உலகம்மை, "சரிட்டீ, சரி" என்றாள். எனக்கும் ஒன்றரை ஆண்டாக இதையேதான் சொல்லிவருகிறாள்.

25 டிசம்பர் 2022, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 10.

இன்றைய நிகழ்வுகள் இரண்டு.

ஒன்று. காலையில் மாடத்தி கோலம் போடாமல் உள்ளே வந்து நின்றாள்.

"யம்மா, மாவு தீந்துட்டு. நேத்துத் தூக்கும்போதே கனமில்ல. பத்து நாளு கோலத்துக்கு ஒரு டப்பா மாவு ஆகுமா? நான் என்ன மாவத் திங்கவா செய்யுதேன்?"

"கொட்டியிருக்கும்."

"எங்க கொட்டிச்சு? வாசல்ல ஒரு பொட்டு இல்ல. எம்மேல பழி வரக்கூடாதும்மா, சொல்லிட்டேன்."

"உம்மேல ஒருத்தரும் பழி சொல்லல. வேற வாங்கிக்கிடலாம். சவத்த விடு."

இரண்டு. டேங்கை மீண்டும் வடித்ததில் அடியில் தங்கிய வெண்படிவைச் செய்தித்தாளில் பரப்பி மாடி வெயிலில் உலர்த்தியிருந்தேன். பெட்ரோல் வாடை போய்விட்டது. புகார் மனுவுடன் மாதிரி இணைப்பதற்காகப் பொட்டலம் கட்டப் போனேன். நற நறவென்ற மாவு. கல்லை இடித்த மாவு. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நகர்த்தினேன். சிமெண்டுத் தரையில் கோடாக விழுந்தது. விட்டுப்போகாமல், ஒரே சீராக.

மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. புகார் மனுவைக் கிழித்துவிட்டேன்.

26 டிசம்பர் 2022, திங்கட்கிழமை. மார்கழி 11.

நான்காவது வடிகட்டியைப் பொருத்தினேன். இம்முறை உலகம்மை பார்க்க வரவில்லை. சாவியை ஆணியில் மாட்டாமல் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். மாடத்தி புது மாவு வாங்கிவந்திருக்கிறாள்.

மாலையில் உலகம்மை ஹாலைக் கடந்து அடுக்களைக்குப் போனவள், நாட்காட்டியின் அருகே நின்றாள்.

"சாவிய எங்க?"

"ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"பத்திரமாக இருக்கிறது."

"சரி. பத்திரமா இருக்கட்டும்."

நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. எதையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

27 டிசம்பர் 2022, செவ்வாய்க்கிழமை. மார்கழி 12.

வண்டி மிகச் சிறப்பாக ஓடியது. பாலத்தில் வேகத்தைக் குறைக்கக்கூட அவசியமில்லாது போயிற்று. ஐந்து ஐம்பதுக்கே சேர்ந்துவிட்டோம்.

டயாலிசிஸ் அறைக்குள் உறவினர் இருக்கக் கூடாது. வெளியே பெஞ்சில் இருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. வேறு நோயாளி என்று நினைத்தேன். அந்தக் குரலை நான் அறியேன். செண்பகம் பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே நின்றிருக்கிறேன். அப்போதும் அவள் கத்தவில்லை. சிஸ்டர் கதவைத் திறந்து, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, கால் சதை இழுக்கிறது, நீங்கள் பயப்பட வேண்டாம் என்று கூறிக் கதவை மூடிவிட்டார். குரல் தொடர்ந்தது. பிறகு நின்றது. நின்றது அதைவிட மோசமாக இருந்தது.

நண்பகலில் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. என்னை இன்னாரென்று அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது.

"வண்டி நல்லா ஓடுது, என்ன?" என்றாள்.

28 டிசம்பர் 2022, புதன்கிழமை. மார்கழி 13.

சாவியை மீண்டும் ஆணியில் மாட்டினேன்.

29 டிசம்பர் 2022, வியாழக்கிழமை. மார்கழி 14.

சாவி ஆணியில் இருந்தது. மாவும் டப்பாவில் இருந்தது. வழக்கத்தைவிட நீண்ட நேரம் குளித்தேன். வெளியே வந்து டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பெட்ரோல் தெளிவாக இருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பின் அவளுக்கு அதற்கும் தெம்பில்லையா, சாவியைத் திரும்பப் பார்த்ததும் என்னை நினைத்து விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பாலத்தில் வண்டி நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.

"என்னாச்சு?" என்றாள்.

"வடிகட்டி போலிருக்கிறது."

அவள் என் தோளைப் பிடித்து இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பனி இருந்தது. அவளது போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டேன். வாத்துக்காரர் வயலை மாற்றியிருந்தார். இன்று வாத்து இல்லை.

"அந்த டப்பா பாவம்" என்றாள். "எத்தனைய வாங்கிப் போட்டீய?"

"மூன்று."

"மூணும் என்னாலயா?"

"முதலாவது துருவுக்காக. அது உன் கணக்கில் வராது."

சிரித்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டாள்.

"கோவமா?"

"இல்லை."

"நான் வேண்டாம்னு சொல்லும்போதெல்லாம் நீங்க வேற எதையாவது பேசுவீய. டாக்டரு எங்கிட்ட கேட்டா நீங்க சொல்லுவீய. வண்டி சொன்னாத்தான் கேக்கீய. அதான்." போர்வை ஓரத்தை விரலில் சுற்றினாள். "இன்னும் எழுத்துல குடுக்கணுமா?"

"வேண்டாம்" என்றேன்.

ஆனாலும் அங்கிருந்து எழுந்து அவளை மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, வேறு எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. முழு நேரமும் படுத்திருந்தாள்.

30 டிசம்பர் 2022, வெள்ளிக்கிழமை. மார்கழி 15.

பிற்பகல். அடுப்பு அணைக்கப்பட்டது. பாட்டரி முனை கழற்றப்பட்டது. மணல் வாளி பக்கத்தில் இருந்தது. குழாயை மூடி, கிளிப்புகளை நகர்த்தி, வடிகட்டியைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. காகித மடிப்புகள் புதிதுபோல மஞ்சளாக இருந்தன.

மாற்று வடிகட்டி பொருத்தவில்லை. ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் தூசி போகாதபடி துணி சுற்றிக் கட்டினேன்.

சட்டைகளைச் சலவைக்குப் போடும்போது ஒரு சட்டைப்பையில் டாக்டரின் எண் எழுதிய தாள் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுவது சரியல்ல. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

31 டிசம்பர் 2022, சனிக்கிழமை. மார்கழி 16.

வண்டி கிளம்பவில்லை.

காரணம் வடிகட்டி. அது என் மேசை இழுப்பறையில், முனைகள் துடைக்கப்பட்டு, காகிதத்தில் பொதிந்து இருக்கிறது.

உலகம்மை வழக்கம்போலச் சேலை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியின் அருகே சென்று நின்றேன். உதைக்கவில்லை. மாடத்தி கோலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கிளம்பலியா?" என்றாள் உலகம்மை.

"கிளம்பவில்லை."

"வடிகட்டியா?"

"வடிகட்டிதான்."

அவள் பையை நாற்காலியோரம் இறக்கி வைத்தாள். வைத்த கை சற்று நேரம் பையின் மேலேயே இருந்தது. பிறகு மாடத்தியிடம், "அந்தக் கடைசி வரிசையில ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாரு" என்றாள்.

ஏழு மணிக்கு டாக்டரை அழைத்தேன். சொல்ல வேண்டிய வாசகத்தை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். வாசிக்க முடியவில்லை. "டாக்டர், வண்டி கிளம்பவில்லை" என்றேன். அவர் ஆட்டோ பிடிக்கச் சொல்லவில்லை. "அம்மாதான் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பல முறை சொன்னாள் என்றேன். "அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். சாயங்காலம் வாரேன் சார்" என்றார். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

செண்பகத்திடம் வா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இம்முறை "சரிட்டீ" என்ற சொல் கேட்கவில்லை. நெடுநேரம் உலகம்மைதான் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு வெயில் வந்ததும் நாற்காலியை வாசலுக்கு நகர்த்தச் சொன்னாள். மருந்துக் குவளை அடுக்களை மாடத்தில், இருந்த இடத்தில் இருந்தது. அலமாரியிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்தேன். பானையில் முக்கி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கினாள். அடியில் நானும் பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து, கண்ணை மூடி, இடையில் மூச்சுவிட நிறுத்தி, மீண்டும் குடித்தாள். கழுத்து வழியாக ரவிக்கையில் வழிந்தது. துடைக்க விடவில்லை.

எவ்வளவு குடித்தாள் என்று அளக்கவில்லை.